கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் வரும் எண்களை எவ்வளவு நம்பலாம்? வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுக்கும் எம்.ஆர்.ஐ. பற்றி எழுதியிருந்தேன். வலிக்குமா, வெறும் வயிற்றோடு போக வேண்டுமா என்று கேட்டு எழுதுவீர்கள் என நினைத்தால், வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ரிப்போர்ட்டில் அச்சாகியிருக்கும் எண்களைப் பற்றி. அங்கே ஒரு எண், இங்கே ஒரு எண், எது சரி? இந்த முறை முழுக்க அதற்கே. ஒரு வேண்டுகோள்: படங்களை அனுப்பி இது என்ன நோய் என்று கேட்காதீர்கள், பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் அதைச் சொல்லக் கூடாது.

கேள்வி: என் கணவருக்கு மூளையில் கிளையோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டி. ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடிந்து ஏழு மாதமாகிறது. போன ஸ்கேனில் கட்டி 12 × 10 மி.மீ. என்று இருந்தது. இந்த முறை அலைச்சல் வேண்டாமென்று வீட்டுக்குப் பக்கத்தில் வேறு சென்டரில் எடுத்தோம், 13 × 12 என்று வந்திருக்கிறது. கல்லூரியில் படிக்கும் மகன் இன்டர்நெட்டில் பார்த்துவிட்டு, 30 சதவீதம் வளர்ந்திருக்கிறது, 25-ஐத் தாண்டினாலே நோய் முற்றுகிறது என்று அர்த்தம் என்கிறான். இரண்டு நாளாக வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. – ம.ச., சேலம்

பதில்: அம்மா, உங்கள் மகன் போட்ட கணக்கில் தப்பில்லை. 12-ஐ 10-ஆல் பெருக்கினால் 120, 13-ஐ 12-ஆல் பெருக்கினால் 156, கூடியிருப்பது 30 சதவீதம். அந்த 25 சதவீத எல்லையும் உண்மையானதுதான். 1990-இல் டாக்டர் மெக்டொனால்டும் உடன் இருந்தவர்களும் வகுத்த அளவுகோலில் இருந்தது, மூளைக்கட்டி சிகிச்சைக்கு எப்படிக் கட்டுப்படுகிறது என்று பார்க்க நிபுணர்கள் வகுத்து 2010-இல் வந்த ரானோ விதிகளிலும் நீடித்தது. ஆனால் அந்த 30 சதவீதத்துக்குள் இருப்பது என்ன? ஒரு பக்கம் 1 மில்லிமீட்டர், இன்னொரு பக்கம் 2 மில்லிமீட்டர். மூளை எம்.ஆர்.ஐ. படத்தில் ஒரு புள்ளியின் அகலமே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். கட்டியின் ஓரம் பேனாவால் கோடு போட்ட மாதிரி இருக்காது, மங்கலாகக் கரைந்து போகும், அதனால் ஒரே ரேடியாலஜிஸ்ட் ஒரே படத்தைக் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் அளந்தாலே ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே வரும். இரண்டு அளவையும் பெருக்கும்போது அந்தச் சின்னப் பிசகும் பெருகிவிடுகிறது. ரானோ விதிகளே இரண்டு திசையிலும் 10 மி.மீ.யாவது இருக்கும் கட்டியைத்தான் அளக்கத் தகுந்தது என்கின்றன. உங்கள் கணவருடையது அந்த எல்லையில்தான் நிற்கிறது, சதவீதக் கணக்கு அதிகமாக ஏமாற்றும் இடமும் அதுதான்.

இது ஒரே மெஷின் என்றாலே உள்ள சிக்கல். நீங்கள் சென்டரையும் மாற்றியிருக்கிறீர்கள். சி.டி. ஸ்கேனில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பொது அளவு உண்டு, தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000, எந்த ஊர் மெஷினானாலும் இதுதான் கணக்கு. எம்.ஆர்.ஐ.யின் வெளிச்சத்துக்கு அப்படி ஒரு அலகே கிடையாது. அது பூக்காரம்மாவின் முழம் மாதிரி. ஒரே அம்மாவிடம் நேற்றும் இன்றும் வாங்கினால் ஒப்பிட்டுப் பார்க்கலாம், அடுத்த தெருவில் வாங்கினால் கை நீளம் வேறு. காந்தத்தின் பலம், தலையில் மாட்டும் 'காயில்' என்ற சிக்னல் வாங்கும் கருவி, எத்தனை மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு படம், தலை எந்தச் சாய்வில் இருந்தது, இதில் எது மாறினாலும் கட்டியின் ஓரம் வேறு இடத்தில் தெரியும். ஒரு சென்டரில் 5 மி.மீ. தடிமனில் எடுத்து, இன்னொன்றில் 1 மி.மீ. தடிமனில் முப்பரிமாணப் படமாக எடுத்திருந்தால், இரண்டிலும் கட்டியை ஒரே இடத்தில்தான் வெட்டிப் பார்த்தோம் என்றுகூடச் சொல்ல முடியாது.

அப்புறம் நேரம். கான்ட்ராஸ்ட் மருந்தில் இருப்பது கடோலினியம். நல்ல மூளைத் திசுவில் ரத்தக் குழாய்ச் சுவர் அதை வெளியே விடாது, சுவர் பழுதான இடத்தில்தான் அது கசிந்து பளிச்சென்று தெரியும். அதாவது படத்தில் வெள்ளையாகத் தெரிவது கட்டி இல்லை, கசிவு. கசிவு நிமிடத்துக்கு நிமிடம் பரவும். ஊசி போட்டு இரண்டு நிமிடத்தில் எடுத்த படத்தையும் எட்டு நிமிடம் கழித்து எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்தால், பின்னதில் கட்டி கொஞ்சம் பெரிதாகத் தெரிய வாய்ப்பு உண்டு. இதற்காகவே 2015-இல் வெளியான பொது மூளைக்கட்டி ஸ்கேன் நெறிமுறையில் ஒரு நல்ல யுக்தி வைத்தார்கள்: ஊசி போட்டதும் டி2 படத்தை (வீக்கமும் நீரும் வெள்ளையாகத் தெரியும் வகை) எடுத்துவிட்டு, அதற்குப் பிறகே டி1 படத்துக்கு (கான்ட்ராஸ்ட் கசிவு வெள்ளையாகத் தெரியும் வகை) போ என்றார்கள். டி2 எடுக்கிற அந்தச் சில நிமிடம் எல்லா சென்டரிலும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும், மெஷின் நேரமும் வீணாகாது.

கசிவைத்தான் அளக்கிறோம் என்பதால் கசிவை மாற்றும் எல்லாமே எண்ணையும் மாற்றும். வீக்கத்துக்குக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கசிவைக் குறைக்கும். டாக்டர் அதன் டோஸை இடையில் இறக்கியிருந்தால், நோய் அப்படியே இருந்தாலும் படத்தில் கட்டி கூடினாற்போல் தெரியலாம். ரேடியேஷனே கசிவைக் கூட்டும். அது முடிந்த முதல் 12 வாரத்தில் தெரியும் வளர்ச்சியை அவசரப்பட்டு நோய் முற்றியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ரானோ விதி தனியாகவே சொல்கிறது (நீங்கள் அந்தக் காலத்தைத் தாண்டிவிட்டீர்கள், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்). இதற்கு நேர் எதிரானது பெவாசிஸுமாப் ஊசி. ரத்தக் குழாய்ச் சுவரை அது இறுக்குவதால் ஓரிரு நாளிலேயே வெளிச்சம் மங்கும், கட்டி பாதியானது போலத் தெரியும், உள்ளே செல்கள் இருந்தபடியே இருக்கும். திரும்பி வந்த கிளையோபிளாஸ்டோமாவுக்கு 2009-இல் அமெரிக்காவில் அந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தபோது நிபுணர்களைக் குழப்பியது இந்த விஷயம்தான். அடுத்த ஆண்டு வந்த ரானோ, வெளிச்சத்தை மட்டும் அளந்தால் போதாது, கட்டியைச் சுற்றிய வீக்கத்தைக் காட்டும் டி2–ஃப்ளேர் படம், ஸ்டீராய்டு டோஸ், நோயாளியின் நிலைமை எல்லாவற்றையும் சேர்த்துப் பார் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, இப்போது என்ன செய்வது? இரண்டு ஸ்கேனின் டிஸ்க்கையும், ஃபிலிமோ பேப்பர் ரிப்போர்ட்டோ இல்லை, டைகாம் ஃபைல்கள் (மெஷின் எடுத்த அசல் படங்கள்) உள்ள கம்ப்யூட்டர் டிஸ்க்கை, வாங்கி ஒரே ரேடியாலஜிஸ்ட்டிடம் கொடுத்து இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு டோஸ் எந்தத் தேதியில் எவ்வளவு இருந்தது என்று எழுதிக் கொடுங்கள். சந்தேகம் தீராவிட்டால் டாக்டர் சில வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்வார், அதைப் பழைய சென்டரிலேயே எடுங்கள். இதைப் படித்துவிட்டு, எண் பிசகுதான், ஒன்றுமில்லை என்று டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப் போட்டுவிடாதீர்கள். வளர்ந்துவிட்டது என்று நிரூபிக்க முடியாத அந்த 3 மில்லிமீட்டரை வைத்து வளரவில்லை என்றும் நிரூபிக்க முடியாது.

கேள்வி: எண் இவ்வளவு ஆடும் என்றால் எதற்காக ஆயிரக்கணக்கில் பணம் வாங்குகிறார்கள்? – பெ.கு., விருதுநகர்

பதில்: கட்டி இருக்கிறதா, எங்கே இருக்கிறது, பக்கத்தில் எதைத் தொடுகிறது என்று காட்டுவதற்கு. அதில் எம்.ஆர்.ஐ.யை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நான் குறை சொல்வது பார்ப்பதை இல்லை, பார்த்ததைத் தசம புள்ளியோடு எண்ணாக்கி அதற்கு இல்லாத துல்லியத்தைக் கொடுப்பதை.

கேள்வி: பயோமெடிக்கல் எஞ்சினியரிங் இறுதியாண்டு ப்ராஜெக்டில் டைனமிக் கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்து கே-டிரான்ஸ் கணக்கிடுகிறோம். ஒரே படத்தொகுப்பை இரண்டு சாஃப்ட்வேரில் போட்டால் ஒன்றில் நிமிடத்துக்கு 0.12, இன்னொன்றில் 0.20. இரண்டுமே டாஃப்ட்ஸ் மாடல்தான் பயன்படுத்துகின்றன. கைடு 'ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்' என்கிறார். – மூன்று மாணவர்கள், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் கைடிடம் சொல்லுங்கள், ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ள அது சட்டைத் துணி இல்லை என்று. வேண்டாம், சொல்லாதீர்கள், மார்க் போய்விடும்.

மற்ற வாசகர்களுக்காக: ஊசி போட்ட பிறகு சில நொடிக்கு ஒரு படமாக ஐந்தாறு நிமிடம் தொடர்ந்து எடுத்து, மருந்து ரத்தத்திலிருந்து திசுவுக்குள் எவ்வளவு வேகமாகக் கசிகிறது என்று கணக்கிடலாம். அந்த வேகத்துக்குப் பெயர் கே-டிரான்ஸ். பால் டாஃப்ட்ஸும் கெர்மோடும் 1991-இல் வெளியிட்ட மாடல் இன்றும் புழங்குகிறது, ஆளுக்கொரு குறியீட்டில் எழுதிக்கொண்டிருந்ததை 1999-இல் பல குழுக்கள் கூடி ஒரே பெயருக்குக் கொண்டுவந்தார்கள். பெயர் ஒன்றானது, கணக்குப் போடும் வழி ஒன்றாகவில்லை.

முதலில் ஒரு சின்னச் சோதனை. 0.12-ஐ 0.6-ஆல் வகுத்துப் பாருங்கள், 0.20 வருகிறதா? ரத்தத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் சிவப்பணு, மீதி 60 சதவீதம் பிளாஸ்மா. கடோலினியம் சிவப்பணுவுக்குள் போகாது, பிளாஸ்மாவில் மட்டும்தான் இருக்கும். மாடலுக்கு வேண்டியது பிளாஸ்மாவில் உள்ள செறிவு, படத்தில் நாம் அளப்பது முழு ரத்தத்தின் செறிவு, அதனால் இடையில் 0.6-ஆல் வகுக்க வேண்டும். ஒரு சாஃப்ட்வேர் அதைத் தானே செய்துகொண்டு, இன்னொன்று நீங்கள் ஹீமட்டோக்ரிட்டை (ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) தட்டச்சு செய்வீர்கள் என்று காலிக் கட்டத்தோடு காத்திருந்தால், உங்களுடையதைப் போல அச்சு அசலாக இதே வித்தியாசம் வரும். இதுதான் காரணம் என்று இங்கிருந்தே அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் முதலில் அங்கே பாருங்கள்.

அது இல்லையென்றால் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்துப் போக வேண்டும். படத்தின் வெளிச்சத்தை மருந்தின் செறிவாக மாற்ற, ஊசிக்கு முன்னால் திசுவின் டி1 (ரேடியோ அலை தட்டிய பிறகு திசு காந்தத்தோடு பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரம்) என்ன என்று தெரிய வேண்டும். அதை ஃபிளிப் ஆங்கிளை (ரேடியோ அலை திசுவின் காந்தத்தைச் சாய்க்கும் கோணம்) மாற்றி மாற்றி எடுத்து அளப்பார்கள். 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்த பலத்தின் அலகு) மெஷினில் அந்த ஆங்கிள் உடம்பு முழுக்க ஒரே சீராக விழாது, 10 சதவீதம் தவறினால் டி1 ஏறக்குறைய 20 சதவீதம் தவறும். ஒரு சாஃப்ட்வேர் அளந்த டி1-ஐ எடுத்துக்கொள்ளும், இன்னொன்று சத்தமில்லாமல் புத்தகத்திலிருந்து ஒரு டி1-ஐ வைத்துக்கொள்ளும். அடுத்தது தமனியில் மருந்து ஏறி இறங்கும் வளைகோடு. எனக்கு மிகவும் சந்தேகமான கண்ணி அதுதான். மருந்து தமனியில் சில நொடிகளில் உச்சம் தொட்டுவிட்டு இறங்கிவிடும். பத்து நொடிக்கு ஒரு படம் எடுத்தால் உச்சம் இரண்டு படங்களுக்கு நடுவே நழுவிவிடும். உச்சம் பாதியாகத் தெரிந்தால் கே-டிரான்ஸ் இரு மடங்காகும், நோயாளிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இந்தத் தொல்லை வேண்டாமென்று சிலர் பார்க்கர் குழு 2006-இல் வெளியிட்ட சராசரி வளைகோட்டை எல்லாருக்கும் பொதுவாகப் போட்டுவிடுகிறார்கள். எண் ஆடுவது குறையும், ஆனால் இதயம் மெதுவாகத் துடிக்கும் பாட்டிக்கும் ஓடிவந்து படுத்த இளைஞனுக்கும் ஒரே வளைகோடு என்றால் அது சரியான எண்ணா என்பது வேறு கேள்வி.

சாஃப்ட்வேரைச் சோதிக்க நோயாளியின் படம் உதவாது, ஏனென்றால் அதில் உண்மை விடை யாருக்கும் தெரியாது. வட அமெரிக்க ரேடியாலஜி சங்கம் 2007-இல் தொடங்கிய கீபா என்ற கூட்டணி இதற்காகவே செயற்கைப் படத்தொகுப்புகளை உருவாக்கி வெளியிட்டது. கே-டிரான்ஸை இவ்வளவு என்று வைத்துக் கம்ப்யூட்டரில் வரைந்த படங்கள், விடை முன்கூட்டியே தெரியும். உங்கள் இரண்டு சாஃப்ட்வேரிலும் அதைப் போட்டு எது விடையைத் தருகிறது என்று பாருங்கள். ஆஸிப்பி என்ற திறந்த அறிவியல் முயற்சியிலும் பல குழுக்களின் நிரல்களைத் திரட்டி ஒன்றோடொன்று ஒப்பிட்டிருக்கிறார்கள், நிரலை எடுத்துப் படிக்கலாம். இதைச் செய்தாலே ப்ராஜெக்ட் முடிந்த மாதிரி. கட்டியைப் பற்றி எழுதுவதைவிட நல்ல ப்ராஜெக்ட்டும்கூட.

கடைசியாக ஒன்று, இது ரிப்போர்ட்டில் எங்கேயும் அச்சாகாது. ஒரே நோயாளியை, மருந்து எதுவும் மாற்றாமல், சில நாள் இடைவெளியில் அதே மெஷினில் இரண்டு முறை எடுத்தால் கே-டிரான்ஸ் எவ்வளவு ஆடும்? உறுப்பைப் பொறுத்து மாறும், அசையாத மூளையில் குறைவு, குடலும் மூச்சும் அசைக்கும் வயிற்றில் அதிகம். அந்த ஆட்டம் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அளவீட்டுக்கு இடையிலான மாற்றம் உண்மையானது என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல அதை 2.77-ஆல் பெருக்க வேண்டும், 55 சதவீதம் வருகிறது. அதாவது 0.20 என்பது 0.15 ஆனால், கால் பங்கு குறைந்துவிட்டது, மருந்து வேலை செய்கிறது என்று அந்த ஒரு நோயாளியிடம் சொல்ல நமக்கு உரிமை இல்லை. நிறையப் பேரை வைத்துச் செய்யும் மருந்துச் சோதனையில் சராசரி எடுக்கும்போது இதைவிடச் சின்ன மாற்றமும் பிடிபடும், அது குழுவைப் பற்றிய செய்தி. இரண்டையும் குழப்பி எழுதும் கட்டுரைகள் ஏராளம். உங்கள் ரிப்போர்ட்டில் அந்தக் குழப்பம் வேண்டாம்.

கேள்வி: மார்பக எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் 'டைப் 3 கர்வ், வாஷ்-அவுட்' என்று போட்டிருக்கிறார்கள். தேடிப் பார்த்தால் எல்லா இடத்திலும் கேன்சர் என்றே வருகிறது. பயாப்சி அடுத்த வாரம்தான். – பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: மருந்து போட்ட பிறகு அந்த இடத்தின் வெளிச்சம் எப்படி மாறுகிறது என்பதுதான் கர்வ். முதல் இரண்டு நிமிடத்தில் ஏறிய பிறகு, தொடர்ந்து ஏறினால் டைப் 1, சமமாக நின்றால் டைப் 2, இறங்கினால் டைப் 3. நிற்கிறதா இறங்குகிறதா என்பதற்கான எல்லை வழக்கமாக 10 சதவீதம். 9 சதவீதம் இறங்கினால் டைப் 2, 11 சதவீதம் இறங்கினால் டைப் 3. டைப் 3 வந்தால் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை, மறைக்க மாட்டேன். ஆனால் மார்பகத்துக்குள் இருக்கும் சாதாரண நிணநீர் முடிச்சும் இதே கர்வைக் காட்டும், ஃபைப்ரோஅடினோமா என்ற புற்று இல்லாத கட்டிகளில் சிலவும் காட்டும். எதிர்ப்பக்கமும் உண்டு, பால் நாளத்துக்குள்ளேயே இருக்கும் ஆரம்பப் புற்று பல நேரம் சாதுவாக டைப் 1 காட்டும். அதனால்தான் ஓரம் முள்ளு முள்ளாக இருக்கிறதா, வழவழப்பாக இருக்கிறதா என்ற உருவத்தை ரேடியாலஜிஸ்ட் முதலில் பார்ப்பார், கர்வ் அதற்கு அடுத்தபடிதான்.

இதுவும் கையால் வட்டம் போட்டு எடுக்கும் எண்தான். வட்டத்தை இரண்டு மில்லிமீட்டர் நகர்த்தினால் டைப் மாறுவதுண்டு. 3 டெஸ்லா மெஷின்களில் வலது மார்பகத்துக்கும் இடது மார்பகத்துக்கும் ஃபிளிப் ஆங்கிளே வேறாக விழும் என்பது தெரிந்த விஷயம், ஒரு பக்கம் கூடுதலாக ஏறியதுபோல் காட்ட அதுவே போதும். மாதவிலக்குச் சுழற்சிக்கு ஏற்பவும் சுற்றுத் திசுவின் வெளிச்சம் மாறும், பொதுவாக இரண்டாம் வாரத்தில் எடுக்கச் சொல்வது அதனால்தான். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே: அடுத்த வாரம் பயாப்சிக்குப் போங்கள், தள்ளிப் போடாதீர்கள். அதுவரை இன்டர்நெட்டைத் திறக்காமல் இருந்தால் தூக்கமாவது வரும்.

கேள்வி: என் புராஸ்டேட் ரிப்போர்ட்டில் கான்ட்ராஸ்ட் பகுதியில் 'பாசிட்டிவ்' என்று ஒரு வார்த்தைதான் இருக்கிறது. ஒரு அளவும் போடவில்லை. வேலையைச் சரியாகச் செய்யவில்லையா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: சரியாகத்தான் செய்திருக்கிறார், சார். புராஸ்டேட் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் விதிமுறைக்குப் பெயர் பை-ராட்ஸ். 2012-இல் வந்த அதன் முதல் பதிப்பில் கர்வ் வகைக்கு மதிப்பெண் இருந்தது. 2015-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதைத் தூக்கிவிட்டு, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல் என்றார்கள். புற்றுக்கும் அழற்சிக்கும் அந்த எண்கள் ஒன்றோடொன்று கலந்துபோவதால் எடுத்த முடிவு அது. நம்ப முடியாத எண்ணை எழுதாமல் விட்டதற்கு அவருக்கு ஒரு நன்றி சொல்லலாம்.

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது, இதயத் தசை தடிமனாக இருக்கிறது என்று கார்டியாக் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். முதல் இடத்தில் டி1 1,010, இ.சி.வி. 27 சதவீதம். எட்டு மாதம் கழித்து வேறு மருத்துவமனையில் டி1 1,180, இ.சி.வி. 30 சதவீதம். டி1 இவ்வளவு எகிறியிருக்கிறதே? – ரா.வெ., சென்னை

பதில்: டி1-ஐ விட்டுவிடுங்கள். முதல் மெஷின் 1.5 டெஸ்லாவும் இரண்டாவது 3 டெஸ்லாவுமாக இருந்திருக்க வேண்டும், ரிப்போர்ட்டின் தலைப்பில் பாருங்கள். நல்ல இதயத்துக்கே 1.5 டெஸ்லாவில் டி1 ஆயிரம் மில்லிசெகண்டை ஒட்டி வரும், 3 டெஸ்லாவில் 1,100, 1,200 என்று போகும். ஒவ்வொரு மருத்துவமனையும் தன் மெஷினுக்கான இயல்பு அளவைத் தானே ஆரோக்கியமானவர்களை வைத்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2017-இல் சர்வதேச நிபுணர் குழு பரிந்துரைத்ததே இதனால்தான். உங்கள் ரிப்போர்ட்டில் அந்த இயல்பு அளவு அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

இ.சி.வி. கொஞ்சம் கெட்டிக்கார எண். செல்களுக்கு வெளியே உள்ள இடம் தசையில் எத்தனை சதவீதம் என்று சொல்வது. ஊசிக்கு முன்னும் பின்னும் தசை எவ்வளவு மாறியது, ரத்தம் எவ்வளவு மாறியது என்று அளந்து ஒன்றை மற்றொன்றால் வகுப்பதால், மெஷினின் குணம் பெரும்பாலும் மேலும் கீழும் அடிபட்டுப் போகிறது. கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ. தரும் எண்களில் எனக்கு ஓரளவு நம்பிக்கை உள்ளது இதன் மேல்தான். ஆனால் இதிலும் மறுபடி அந்த ஹீமட்டோக்ரிட் வந்து நிற்கிறது. வகுத்து வந்த விகிதம் 0.45 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹீமட்டோக்ரிட் 40 சதவீதம் என்றால் 0.6-ஆல் பெருக்க வேண்டும், 27. அதுவே 34 சதவீதம் என்றால் 0.66-ஆல் பெருக்க வேண்டும், 29.7. அப்பாவுக்கு ரத்தம் குறைந்திருந்து, பழைய ரத்தப் பரிசோதனையின் எண்ணைப் போட்டிருந்தால் இந்த மூன்று புள்ளி அங்கேயே வந்துவிடும். ஸ்கேன் எடுத்த அன்று ரத்தம் எடுத்தார்களா என்று கேளுங்கள். அமிலாய்டு (தசைக்குள் புரதம் படியும் நோய்) போன்ற நோயில் இ.சி.வி. 40-க்கு மேலே போவது சாதாரணம். 27-க்கும் 30-க்கும் நடுவில் உட்கார்ந்து கவலைப்படுவதற்கு அதிகம் இல்லை, தசை ஏன் தடித்தது என்பதை இதய டாக்டரிடம் பேசுங்கள்.

கேள்வி: எண் சரியா என்று உறுதி செய்ய அடுத்த வாரமே இன்னொரு இடத்தில் மறுபடி எடுத்துவிடலாமா? காசு பிரச்சினை இல்லை. – புதுச்சேரி வாசகர்

பதில்: வேண்டாம். எண்ணைச் சரிபார்க்க மட்டும் கான்ட்ராஸ்ட் ஊசியை மறுபடி போடக் கூடாது. பலமுறை ஊசி போட்டவர்களின் மூளையில் கடோலினியத்தின் தடம் தெரிகிறது என்று 2014-இல் ஜப்பானியக் குழு ஒன்று வெளியிட்டது. அதன் பிறகு 2017-இல் ஐரோப்பிய மருந்து முகமை, கடோலினியத்தைத் தளர்வாகப் பிடித்திருக்கும் லீனியர் வகை மருந்துகளில் பெரும்பாலானவற்றை நிறுத்தச் சொன்னது. மாக்ரோசைக்ளிக் வகை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், மிகக் குறைவாகவே தங்கும். இப்படித் தங்குவதால் மூளைக்குக் கேடு என்று நிரூபணம் ஆகவில்லை. அதற்காக வேண்டாததைப் போட்டுக்கொள்ள வேண்டுமா? சிறுநீரகம் பலவீனமானவர்கள், இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 30-க்குக் கீழே இருப்பவர்கள், இன்னும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஏற்கெனவே எடுத்த படத்தை வேறு ஒருவரிடம் மறுபடி அளக்கக் கொடுங்கள், ஊசியே வேண்டாம்.

கேள்வி: நான் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். எங்கள் சென்டரில் இன்ஜெக்டர் ரிப்பேர், கையால்தான் ஊசி போடுகிறோம். எல்லாருக்கும் 10 மி.லி. கொடுப்பது பழக்கம். டாக்டர்கள் எண்ணைப் பற்றிச் சண்டை போடும்போது எங்களை யாரும் கேட்பதில்லை. இதில் எங்கள் பங்கு ஏதாவது உண்டா? – திண்டுக்கல்

பதில்: பாதிக்கு மேல் உங்கள் கையில்தான் இருக்கிறது என்பேன். வழக்கமான டோஸ் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிமோல். பரவலாகப் புழங்கும் மருந்துகளில் அது கிலோவுக்கு 0.2 மி.லி., அதனால் உங்கள் 10 மி.லி. 50 கிலோ ஆளுக்குச் சரியாக இருக்கும், 80 கிலோ ஆளுக்கு 16 மி.லி. வேண்டும். அவருடைய கட்டி மங்கலாகத்தான் தெரியும், அடுத்த முறை வேறு இடத்தில் முழு டோஸ் போட்டால் கட்டி வளர்ந்துவிட்டது என்று எழுதுவார்கள். கடோபியூட்ரால் இரட்டிப்புச் செறிவில் வருவது, அதில் கிலோவுக்கு 0.1 மி.லி. போதும், ஸ்டோரில் மருந்து மாறியது தெரியாமல் பழைய கணக்கில் போட்டால் இரட்டை டோஸ். 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கடோபிக்ளினால் இன்னும் வேறு, பழைய டோஸில் பாதியே போதும்படி வெளிச்சம் தருவது. எனவே என்ன மருந்து, எத்தனை மி.லி., எத்தனை மணிக்கு, மூன்றையும் ரிப்போர்ட்டில் ஏறும்படி எழுதுங்கள். எடையை நோயாளியிடம் கேட்காதீர்கள், எடை மெஷினில் நிறுத்திப் பாருங்கள், எல்லாரும் ஐந்து கிலோ குறைத்துத்தான் சொல்வார்கள்.

கையால் போடுவதைச் சாதாரண ஸ்கேனுக்கு மன்னிக்கலாம், கர்வோ பெர்ஃப்யூஷனோ (திசுவில் ரத்தம் பாய்வதை அளக்கும் ஸ்கேன்) எடுக்கும்போது கூடாது. பெர்ஃப்யூஷனுக்கு நொடிக்கு 3 முதல் 5 மி.லி. வேகம் வேண்டும், பின்னாலேயே அதே வேகத்தில் சலைன் போக வேண்டும், கட்டை விரலால் அது ஆளுக்கு ஆள் மாறும். இன்ஜெக்டர் ரிப்பேர் என்றால் அன்றைக்கு அந்த ஸ்கேனைத் தள்ளி வைக்கச் சொல்லி டாக்டரிடம் பேசுங்கள். இன்னொன்று: ஊசிக்கு முன் எடுக்கும் படத்துக்கும் பின் எடுக்கும் படத்துக்கும் நடுவில் மெஷினைப் புதிதாக ட்யூன் செய்ய விடாதீர்கள், ரிசீவர் அளவு மாறினால் இத்தனை சதவீதம் ஏறியது என்ற கணக்கே பொய்யாகிவிடும். டைனமிக் எடுக்கும்போது ஊசி போடுவதற்கு முன்னால் சில படங்கள் ஓட விட்டுவிட்டு அப்புறம் போடுங்கள். அவசரத்தில் இரண்டையும் ஒன்றாக ஆரம்பித்தால் ஒப்பிடுவதற்கு அடித்தளமே இருக்காது, அந்தப் படத்தை வைத்துக்கொண்டு எந்த சாஃப்ட்வேராலும் ஒன்றும் செய்ய முடியாது.